புறாத்தீவு போகிறவர்கள் கவனத்துக்கு: "எல்லாம் சேத்துத்தான் அண்ணா"

ஜூலையில் மனைவியோடும் பன்னிரண்டு வயது மகளோடும் இலங்கையில் திருகோணமலை போய் வந்தேன். ஊர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் உப்புவெளியில் நாங்கள் தங்கிய விடுதி வாசலில் எங்களைப் பிடித்துக்கொண்ட டூர் ஆள் மேல்தான். அவர் பெயரை எழுதப் போவதில்லை. அவருடைய பேச்சை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

"தமிழ்நாடா? அப்ப நம்மட ஆக்கள்தானே. ஒண்டுக்கும் யோசிக்காதீங்கோ அண்ணா." நான் விழுந்தது இந்த இடத்தில்தான். ஆங்கிலத்தில் பேசியிருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பேன். கோட்டை, கோணேசர் கோயில், மறுநாள் கடலுக்குள் இருக்கும் புறாத்தீவு, போட், தண்ணீருக்குள் முகம் வைத்து மீன் பார்க்கிற ஸ்நார்க்கல் சாமான், டிக்கெட் எல்லாம் சேர்த்து 24,000 இலங்கை ரூபாய் என்றார். பதினைந்தாயிரம் அட்வான்ஸ் கொடுத்தேன். ரசீது கேட்கத் தோன்றவில்லை. நம்ம ஆளாயிற்றே!

அன்று மாலை கோட்டை. வாசலில் இறங்கியதும் "உள்ளுக்குப் போக ஆளுக்கு ஐநூறு" என்று தனியாக வாங்கிக்கொண்டார். எல்லாம் சேர்த்து என்றீர்களே என்றால், "அது ஆமிக்குக் குடுக்கிறது" என்றார். உள்ளே இராணுவ முகாம் இருப்பதால் நம்பிவிட்டேன். டச்சுக்காரன் கட்டின கோட்டை, இந்தப் பாறைப் பிளவுதான் இராவணன் வெட்டு, இங்கே நின்று போட்டோ எடுங்கோ என்று அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கிளம்புவதாகப் பேச்சு. வேன் வந்தது பத்தரைக்கு. நிலாவெளிக் கரையிலிருந்து தீவு ஒரு கிலோமீட்டர் தூரம்தான், ஆனால் காற்று எழும்புமுன் போனால்தான் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். 2003இல் தேசியப் பூங்கா ஆக்கப்பட்ட இடம் அது, டிக்கெட் தருவது வனஜீவராசிகள் திணைக்களம். கவுன்ட்டரில் வெளிநாட்டவருக்கான கட்டணம், சேவைக் கட்டணம், வரி என்று கூட்டிச் சொன்ன தொகை, நான் அவரிடம் பேசியிருந்ததில் ஏறக்குறைய பாதி. திரும்பி அவரைப் பார்த்தேன். "அது வேற அண்ணா. நான் சொன்னது போட் டிக்கெட்." மகள் நீச்சல் உடையோடு பக்கத்தில் நிற்கிறாள். கட்டினேன்.

சாமானைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்குத் தந்த மாஸ்க்கின் ரப்பர் விளிம்பு காய்ந்து வெடித்திருந்தது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மூக்குவரை உப்புத் தண்ணீர். தண்ணீரைக் கொட்ட எழுந்து நிற்கலாம் என்றால் காலுக்கடியில் பவளம். அதன் மேல் நிற்கக் கூடாது. உயிருள்ளது, மிதித்தால் செத்துப்போகும். ஏற்கெனவே மிதிபட்டு நொறுங்கிக் கிடந்ததைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. இரவல் மாஸ்க் வாங்குகிறவர்கள் பட்டியை மாட்டாமல் முகத்தில் அழுத்தி மூக்கால் மூச்சை இழுத்துப் பாருங்கள். கையை எடுத்தாலும் விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் நல்லது. விழுந்தால் வேறு கேளுங்கள்.

மகளுடைய மாஸ்க் பரவாயில்லை. கிளிமீன் பார்த்தாள். துடுப்பு நுனி கறுத்த சின்னச் சுறா ஒன்றும் கண்ணில் பட்டதாம். மறுபக்கம் போய் இன்னும் பார்க்கலாம் என்று ஆசைப்பட்டபோது போட்காரப் பையன் விசில் அடித்துவிட்டான். மூன்று மணி நேரம் பேசியிருக்கிறதே என்றேன். "எனக்கு ஒரு மணித்தியாலத்துக்குத்தான் காசு தந்தவர் அண்ணா" என்றான். அவன் மேல் கோபம் வரவில்லை.

கரைக்கு வந்ததும், முகத்தைத் தூக்கி வைத்திருந்த மகளிடம் நம் ஆள் ஒரு வெள்ளைப் பவளக் கிளையை நீட்டினார். "பிள்ளைக்கு ஒரு ஞாபகத்துக்கு." இதை மட்டும் வாங்கிவிடாதீர்கள். பூங்காவிலிருந்து பவளத் துண்டு எடுப்பதே குற்றம். இந்தியாவிலும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளம் இருக்கிறது. பெட்டியில் சிக்கினால் விமான நிலையத்தில் பதில் சொல்லப்போவது நீங்கள், அவர் இல்லை.

போகிறவர்கள் நேராக நிலாவெளிக் கரைக்குப் போய் டிக்கெட்டை நீங்களே எடுங்கள். போட்டைத் தனியாகப் பேசுங்கள். திரும்பும் நேரத்தை ஓட்டுகிறவரிடமே சொல்லி, மீதிக் காசைக் கரைக்கு வந்த பிறகு கொடுங்கள்.

ஊர் திரும்பும் நாள் காலை நாங்கள் மட்டும் கோட்டைக்குள் இருக்கும் கோணேசர் கோயிலுக்கு நடந்தோம். கோட்டை வாசலில் நின்ற சிப்பாயிடம் டிக்கெட் எங்கே எடுப்பது என்று கேட்டேன். டிக்கெட்டே கிடையாது என்று கைகாட்டி உள்ளே விட்டார். அப்போதுதான் வாசல் கல்லில் செதுக்கிய இரட்டைக் கயலைப் பார்த்தோம். குளக்கோட்டன் என்ற அரசன் இந்தக் கோயிலுக்குச் செய்த திருப்பணியைப் பின்னாளில் பறங்கி உடைப்பான் என்று சொல்லும் பழைய தமிழ் எழுத்து, சிதைந்துபோய், அங்கேயே இருக்கிறது. 1622இல் போர்த்துக்கீசியர் பழைய கோயிலை இடித்து, அதன் கற்களை வைத்துத்தான் கோட்டை கட்டினார்கள். டச்சுக்காரர்கள் வந்தது அதற்கப்புறம். முதல் நாள் இதே வாசலைத் தாண்டித்தான் எங்களைக் கூட்டிப்போனார் மனிதர். ஒரு வார்த்தை சொல்லவில்லை. மான்கள் பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தன.

அங்கிருந்தே, ஆளுக்கு ஐநூறு எதற்கு வாங்கினீர்கள் என்று வாட்ஸப்பில் கேட்டேன். இரண்டு நீல டிக் விழுந்தது. ராத்திரிதான் பதில் வந்தது: "அடுத்த முறை வரேக்க சொல்லுங்கோ அண்ணா, குறைச்சுச் செய்து தாறன்."