காமதகனம் கொலு செட்: ஒன்பது பொம்மைகளில் மூன்று ரதி

இந்த வருடக் கொலுவுக்குக் காமதகனம் செட், அதாவது சிவன் நெற்றிக்கண்ணால் மன்மதனை எரித்த கதையைச் சொல்லும் செட், வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்குங்கள். சிவனுக்காக வேண்டாம், மன்மதனுக்காகக்கூட வேண்டாம், அவன் மனைவி ரதிக்காக வாங்குங்கள். குறைகள் இருக்கின்றன, அவற்றையும் சொல்கிறேன்.

வாங்கிய இடம் விளாச்சேரி. மதுரையில் திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர். பிள்ளையார் சதுர்த்திக்குப் பிள்ளையார், நவராத்திரிக்குக் கொலு, கிறிஸ்துமஸுக்குக் குடில் பொம்மை என்று வருடம் முழுக்க மண்ணோடு புழங்குகிற குடும்பங்கள் அங்கே நிறைய. நான் எடுத்தது ஒரு சின்னப் பட்டறையில். பேர்ப்பலகை கிடையாது. அப்பா அச்சில் மண் அப்பி எடுக்கிறார், அம்மா பட்டுத்தாள் தேய்க்கிறார், மகன் வர்ணம் தீட்டுகிறான், கண் திறப்பது, அதாவது கடைசியாகக் கண் தீட்டுவது, மட்டும் பெரியவர் கை. ஒன்பது பொம்மைகள், சூளையில் சுட்ட களிமண், உயரம் முக்கால் அடிக்குச் சற்று மேல். விலை 7,500 ரூபாய். காகிதக்கூழில் இதே அளவு செட் இன்னும் மலிவாகக் கிடைக்கும், எடையும் குறைவு. ஆனால் காகிதக்கூழில் மூக்கும் விரலும் மழுங்கிப்போகும். இந்தக் கதையில் விரல்களுக்கு நிறைய வேலை இருக்கிறது.

எனக்குச் சொந்த ஊர் மாயவரம் பக்கம். சிவன் மன்மதனை எரித்த தலம் என்று சொல்லப்படும் திருக்குறுக்கை அங்கேதான் இருக்கிறது. சிவனின் வீரச் செயல்கள் நடந்ததாகச் சொல்லப்படும் அட்ட வீரட்டானம் எட்டில் ஒன்று. மாசி பிறந்தால் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் காமன் பண்டிகை. கரும்பும் ஆமணக்கும் நட்டு, வரட்டி அடுக்கி, கடைசி ராத்திரி கொளுத்துவார்கள். அதற்கு முந்தின ராத்திரிகளில் டேப் என்கிற தோல்வாத்தியத்தை அடித்துக்கொண்டு லாவணி. மராட்டியர் ஆண்ட காலத்தில் தஞ்சைக்கு வந்த பாட்டு அது. எரிந்த கட்சி என்று ஒருத்தர், எரியாத கட்சி என்று ஒருத்தர். மன்மதன் எரிந்து சாம்பலாகிவிட்டான் என்று இவர் பாட, அவனாவது எரிவதாவது, அவன் இல்லாவிட்டால் இத்தனை கல்யாணம் எப்படி நடக்கிறது என்று அவர் மடக்க, விடியும்வரை ஓடும். இதையெல்லாம் கேட்டு வளர்ந்தவள் என்பதால்தான் இந்தக் கதைக்குப் பொம்மை செய்தவர் என்ன புரிந்துகொண்டு செய்தார் என்று உற்றுப் பார்த்தேன்.

கடைகளில் பொதுவாகக் கிடைக்கும் காமதகனம் செட்டில் ஐந்து பொம்மைகள்தான் இருக்கும். நெற்றிக்கண்ணில் சிவப்புத் தீயோடு பெரிய சிவன், எதிரே வில்லோடு ஒரு மன்மதன், ஓரமாகக் கைகூப்பிய ரதி, நந்தி, பார்வதி. எரித்தார், முடிந்தது. போன வருடம் ஒரு கண்காட்சியில் பார்த்த செட்டில் ரதியே இல்லை. கேட்டதற்கு, "அது தனியா எடுத்துக்கலாம்மா" என்றார்கள். ரதி இல்லாத காமதகனத்தில் மிச்சம் இருப்பது வெறும் நெருப்புதான்.

இந்த ஒன்பதில் என்னென்ன இருக்கிறது என்றால்: யோகத்தில் அமர்ந்த சிவன், சனகர் முதலான முனிவர் நால்வரும் ஒரே பீடத்தில், வாசலில் நந்தி, பூத்தட்டோடு பார்வதி, மன்மதனின் தோழன் வசந்தன், கிளிமேல் மன்மதன், அன்னத்தின்மேல் ரதி, சாம்பல் மேட்டருகே ரதி, கடைசியாகத் தனிப் பீடத்தில் இன்னொரு ரதி.

முதலில் மன்மதன். நிறத்தைப் பார்த்ததுமே மனசு குளிர்ந்துவிட்டது. பல பட்டறைகளில் அவனுக்கு ரோஸ் பூசிச் சினிமாக் கதாநாயகன் மாதிரி ஆக்கிவிடுவார்கள். நம் மரபில் அவன் திருமாலின் மகன், அப்பாவைப் போலவே கருநிறம். இங்கே நீலம் கலந்த கரும்பச்சை பூசியிருக்கிறார்கள். மஞ்சள் பட்டோடு அந்த நிறம் அவ்வளவு எடுப்பாக இருக்கிறது. கையில் கரும்பு வில். மூங்கில் சிம்பை வளைத்து, கணுவுக்குக் கணு நூல் சுற்றி, மேலே ஊதா தீட்டியிருக்கிறார்கள். நாண் வெறும் கறுப்பு நூல் என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும். கிட்டே போய்ப் பார்த்தால் நூல் முழுக்கச் சின்னச் சின்ன முடிச்சு. ஒவ்வொரு முடிச்சும் ஒரு வண்டு. காமன் வில்லுக்கு வண்டுகள்தான் நாண் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதைப் பொம்மையில் காட்ட இப்படி ஒரு வழி உண்டு என்பதை இங்கேதான் பார்த்தேன். மெனக்கெட்டு முடிச்சுப் போட்டவர் அந்த வீட்டு அம்மா.

அம்பில்தான் எனக்குச் சண்டை. பஞ்சபாணம் என்றால் தாமரை, அசோகு, மா, முல்லை, நீலோற்பலம். ஐந்தும் ஐந்து பூ. மாதிரிக்கு வைத்திருந்த செட்டில் ஐந்து அம்பின் நுனியிலும் ஒரே ரோஸ் தாமரை. பட்டறைக்காரரிடம், "அண்ணே, அஞ்சும் வேற வேற பூவாச்சே" என்றேன். "யாரும்மா அவ்வளவு கிட்டத்துல பாக்குறாங்க" என்றார். நான் பார்ப்பேன், என் வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் பார்ப்பார்கள் என்றேன். கோபப்படவில்லை. எனக்குக் கொடுத்த செட்டில் அசோகு செம்மஞ்சளாக, முல்லை வெள்ளை மொட்டாக, நீலோற்பலம் கருநீலமாக இருந்தது. மாம்பூவுக்கு மரத்தூளைப் பசையில் குழைத்து ஒட்டி வெளிர்மஞ்சள் தெளித்திருந்தார். எண்ணிப் பார்த்து வாங்குங்கள். கேட்டால் செய்து தருகிறார்கள், கேட்காவிட்டால் ஐந்து தாமரைதான்.

மகரக்கொடி இல்லை. இது பெரிய குறை. அவனை மகரக்கொடியோன் என்றுதான் பாட்டெல்லாம் சொல்கிறது. தென்றல் தேர், நிலாக் குடை, கடல் முரசு, இருள் யானை என்று அவனுடைய படையே காற்றும் வெளிச்சமும் சத்தமுமாக இருப்பதால் அதையெல்லாம் மண்ணில் வடிக்க முடியாது என்பது புரிகிறது. ஒரு மீன்கொடியைக் குச்சியில் கட்டித் தந்திருக்கலாம். நானே துணியில் வரைந்து செருகிவிட்டேன்.

சிவன் முகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உடல் அருமை. புலித்தோலின் வரிகள், சடையில் பிறை, நிமிர்ந்த முதுகு எல்லாம் சரியாக வந்திருக்கிறது. ஆனால் புருவத்தை நெரித்து, பல்லைக் கடித்த மாதிரி கோபமாகத் தீட்டியிருக்கிறார்கள். முதல் மனைவி தாட்சாயணி போனபிறகு முனிவர்களுக்கு மோனத்தில் உபதேசம் செய்தபடி அமர்ந்திருந்தவர் அவர். சூரபத்மனின் கொடுமை தாங்காமல் தேவர்கள் மன்மதனை அனுப்புகிறார்கள். இவருக்குப் பிள்ளை பிறந்தால்தான் அவர்களுக்கு விடிவு. அம்பு பட்டது, கண் திறந்தது, அவ்வளவுதான். முகம் அமைதியாகவே இருந்து நெற்றிக்கண் மட்டும் திறந்திருந்தால் பார்ப்பவர்களுக்கு உண்மையிலேயே பயம் வந்திருக்கும். பார்வதி பரவாயில்லை. வசந்தன் அழகு. நந்தி வேறு ஏதோ செட்டின் அச்சில் எடுத்தது, அளவு பொருந்தவில்லை. முனிவர் நால்வருக்கும் தாடி வைத்துவிட்டார்கள். சனகாதியர் என்றும் சிறுவர்களாக இருப்பவர்கள் என்று ஒரு மரபு உண்டு, ஆனால் தட்சிணாமூர்த்தி காலடியில் தாடியோடு செதுக்குவதும் உண்டு என்பதால் அதைக் குறை சொல்லமாட்டேன்.

இனி ரதி. அன்னத்தின்மேல் இருப்பவள் வழக்கமான அழகி. திண்டுக்கல் பக்கம் தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயிலுக்குப் போனவர்கள் தூணில் நிற்கும் ரதியையும் மன்மதனையும் பார்த்திருப்பீர்கள். கல்யாணம் தட்டிப்போகிறவர்கள் அங்கே வியாழக்கிழமைகளில் வேண்டிக்கொள்கிறார்கள். திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்திலும் இந்த ஜோடிக்குச் சிலை உண்டு. அந்தக் கல் ரதிகளின் இடுப்பு வளைவையும் கொண்டையையும் பட்டறைப் பெரியவர் நன்றாகப் பார்த்து வந்திருக்கிறார் என்று தெரிகிறது.

இரண்டாவது ரதி உட்கார்ந்திருக்கிறாள். தலைமுடி அவிழ்ந்து முழங்கால்வரை கிடக்கிறது. எதிரே சாம்பல் மேடு. அதற்குத் திருநீற்றையே பசையில் கலந்து பூசியிருக்கிறார்கள், விரல் வைத்தால் நறநறவென்று இருக்கிறது. ஒரு கை சாம்பலைத் தொடுகிறது, இன்னொரு கை தரையில் ஊன்றியிருக்கிறது. அழுகிற முகம் இல்லை. அழுது முடித்த முகம். கண்ணுக்குக் கீழே மிக மெல்லிசாக ஒரு சாம்பல் கோடு, அவ்வளவுதான் தீட்டியிருக்கிறார். அவள் கழுத்தில் தாலி இருக்கிறது. நான் அதைச் சுட்டிக் காட்டினதும் பெரியவர், "அவன் திரும்பி வரப்போறவன்தானம்மா, அந்தப் புள்ள எதுக்குத் தாலியக் கழட்டணும்?" என்றார். சின்ன வயதில் கேட்ட எரியாத கட்சி லாவணிக்காரர் முழு ராத்திரி பாடினதை இவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

மூன்றாவது ரதியை வைத்துத்தான் இந்த செட்டை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கந்தபுராணப்படி, சிவன் பார்வதி கல்யாணத்தின்போது ரதி வந்து விழுந்து வேண்டுகிறாள். மன்மதன் எழுந்து வருகிறான். ஆனால் அவன் உருவம் ரதி கண்ணுக்கு மட்டும்தான் தெரியும், மற்ற எல்லோருக்கும் அவன் அருவம். இதை எப்படிப் பொம்மை செய்வது? அகலமான ஒரு பீடம். இடது பாதியில் ரதி நிற்கிறாள், கொண்டை முடித்து, பூ வைத்து, தலையை லேசாக மேலே தூக்கிச் சிரிக்கிறாள். வலது பாதி வெறுமை. அங்கே கரும்பு வில்லும் அம்பறாத்தூணியும் மட்டும் சாய்த்து வைத்திருக்கிறது. தன்னைவிடக் கொஞ்சம் உயரமான ஒருத்தனின் முகம் எங்கே இருக்குமோ, சரியாக அந்த இடத்தைப் பார்க்கிறாள். ரதியின் வலது கை விரல்கள் மடங்கியிருக்கின்றன, யாருடைய கையையோ பிடித்திருக்கிற மாதிரி. களிமண்ணில்தான் இந்த விரல் வரும் என்று முன்னே சொன்னது இதற்காகத்தான்.

கொலு பார்க்க வந்த பக்கத்து வீட்டு அக்கா, "ஏத்தா, இதுல ஒரு பொம்மை உடைஞ்சுபோச்சா?" என்றுதான் கேட்டார். அவருடைய பேத்தி, எட்டு வயது இருக்கும், நன்றாகக் குனிந்து பார்த்துவிட்டு, "இல்ல ஆச்சி, அங்க ஒரு ஆள் இருக்காரு, அந்த அக்காவுக்கு மட்டும் தெரியுது" என்றாள். அவளுக்கு நான் கதையே சொல்லியிருக்கவில்லை.

பழைய செட்டிலிருந்து என் ஆண்டாளை எடுத்து மன்மதனுக்குப் பக்கத்தில் வைத்தேன். நாச்சியார் திருமொழியின் முதல் பத்துப் பாட்டும் காமனிடம் வேண்டுவதுதான். தை மாதம் முழுக்கத் தரையைத் துப்புரவாக்கி, மணலில் கோலமிட்டு, வேங்கடவனோடு என்னைச் சேர்த்துவை என்று கேட்கிறாள். காமதகனத்துக்குப் பக்கத்தில் ஆண்டாள் எதற்கு என்று கேட்ட இரண்டு மாமிகளுக்கு அந்தப் பாசுரத்தைப் பாடிக் காட்டினேன். பிறகு அவர்களும் சேர்ந்து பாடினார்கள். உங்களிடம் ஆண்டாள் பொம்மை இருந்தால் இப்படி வைத்துப் பாருங்கள்.

வாங்குகிறவர்களுக்கு இன்னும் சில. வார்னிஷ் கொஞ்சம் அதிகம், சீரியல் விளக்கு போட்டால் முகமெல்லாம் மின்னி, தீட்டின நுணுக்கம் மறைந்துவிடுகிறது. மஞ்சள் பல்பு ஒன்றைப் பக்கவாட்டில் வையுங்கள். முன்கூட்டியே சொன்னால் வார்னிஷ் இல்லாமலும் தருகிறார்கள். கிளியின் மூக்கில் வர்ணம் ஒட்டவில்லை, துடைத்தாலே வருகிறது. அன்னத்தின் அடிப்பகுதி சமமாக இல்லை, கீழே மடித்த காகிதம் கொடுக்க வேண்டியிருந்தது. கட்டித் தருவது வைக்கோலும் செய்தித்தாளும்தான், பஸ்ஸில் கொண்டுபோகத் தாங்காது. வில்லையும் அம்புகளையும் தனியாகக் கழற்றிக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். வெளியூருக்குப் பார்சல் போட்டு ஒருவருக்கு வசந்தனின் கை உடைந்து போய்ச் சேர்ந்ததாகப் பெரியவரே சொன்னார், மாற்றுப் பொம்மை செய்து அனுப்பினாராம். அதனால் முடிந்தால் நேரில் போங்கள்.

ஆடி மாதமே சொல்லிவிடுவது நல்லது. புரட்டாசி நெருங்கினால் அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது, மண் சரியாகக் காய்வதற்குள் சூளையில் வைத்துவிடுவார்கள், விரிசல் வரும். பாதிப் பணம் முன்பணம். முழு செட்டுக்குக் காசு இல்லையென்றால் கடைசி ரதியை மட்டும் தனியாகக் கேளுங்கள், 1,200 ரூபாய்க்குத் தருகிறார். பீடத்தின் வலது பக்கம் வெறுமையாக இருக்கிறதே என்று அங்கே வேறு பொம்மை எதையும் வைத்துவிடாதீர்கள்.