அப்பாச்சி காஃப்கா: குறைவாக வேலை செய்து நிறையத் தரவைக் கடத்தும் மையம்

பத்து சர்வர்கள் தங்களுக்குள் நேரடியாகத் தரவைப் பகிர்ந்துகொள்ள 45 இணைப்புகள் தேவைப்படும். இருபது சர்வர்கள் என்றால் அந்த எண்ணிக்கை 190 ஆகிவிடும். நடுவில் ஒரு மையத்தை வைத்து, எல்லா சர்வர்களையும் அதில் எழுதவும் அதிலிருந்து படிக்கவும் செய்தால் இந்தச் சிக்கல் தீரும். ஆனால் அந்த மையம் திணறாமல் இருக்க வேண்டும். லிங்க்ட்இன் நிறுவனத்தில் உருவாகி, 2011-இல் திறந்த மூல மென்பொருளாக வெளிவந்த காஃப்கா இதற்குத் தந்த விடை, மையத்தின் வேலையைக் கூடியவரை குறைத்துவிடுவது என்பதுதான்.

வருகிற செய்திகளை டிஸ்க்கில் ஒரு கோப்பின் இறுதியில் வரிசையாகச் சேர்த்துக்கொண்டே போவதுதான் இதன் அடிப்படை வேலை. படிக்கும் சர்வர்கள் தாமாகவே வந்து கேட்டு வாங்கிக்கொள்கின்றன. எதுவரை படித்தோம் என்பதைக் குறிக்கும் ஆஃப்செட் எண்ணை முன்னகர்த்தும் பொறுப்பும் அவற்றினுடையதே. படித்து முடித்த செய்தி உடனே அழிக்கப்படுவதில்லை. மாற்றி அமைக்காவிட்டால் ஏழு நாள்கள் இருக்கும். ஆகவே ஒரே தரவை ஐந்து குழுக்கள் ஐந்து விதமான வேகத்தில் படித்தாலும் அதற்காக ஐந்து நகல்கள் எழுதப்படுவதில்லை. பின்தங்கிய குழு மற்றவர்களைக் காக்க வைப்பதுமில்லை. அனுப்புகிறவர் பல செய்திகளைக் கட்டாகச் சேர்த்துச் சுருக்கி அனுப்பினால், அந்தக் கட்டு அதே சுருக்கிய வடிவிலேயே சேமிக்கப்பட்டு, இயங்குதளத்தின் நினைவகத்திலிருந்து நேராக நெட்வொர்க்குக்குப் போய்விடுகிறது. டிஎல்எஸ் மறையாக்கத்தை இயக்கினால் இந்த நேர்வழி அடைபட்டுவிடும் என்பதைத் திறன் கணக்கிடும்போதே நினைவில் கொள்ள வேண்டும்.

மையம் இறக்கி வைத்த சுமை பயன்படுத்துபவர் தலையில்தான் ஏறுகிறது. ஒரு டாபிக் (ஒரே வகைச் செய்திகளின் தொகுப்பு) பார்ட்டிஷன்கள் என்ற பகுதிகளாகப் பிரித்து வைக்கப்படுகிறது. செய்திகளின் வரிசை ஒழுங்கு ஒரு பார்ட்டிஷனுக்குள் மட்டுமே உறுதி; டாபிக் முழுமைக்கும் அது கிடையாது. ஒரு குழுவில் பார்ட்டிஷன்களைவிட அதிகமான கன்ஸ்யூமர்களை (படிக்கும் நிரல்களை) சேர்த்தால் மிகுதியானவை சும்மா நிற்கும். பார்ட்டிஷன்களைப் பின்னர் கூட்டலாம், குறைக்க முடியாது. கூட்டினாலும், அதுவரை ஒரு பார்ட்டிஷனுக்குப் போய்க்கொண்டிருந்த சாவி (செய்தி எந்தப் பார்ட்டிஷனுக்குப் போகும் என்பதைத் தீர்மானிக்கும் அடையாளம்) வேறொன்றுக்குப் போகத் தொடங்கலாம். எனவே இந்த எண்ணைத் தொடக்கத்திலேயே யோசித்து வைப்பது அவசியம்.

எனக்குப் பெரிய குறையாகத் தோன்றுவது தரவு தொலையாமல் காப்பது சார்ந்த இயல்புநிலை அமைப்புகளே. 3.0 பதிப்பிலிருந்து, வெவ்வேறு சர்வர்களில் வைக்கப்படும் தரவுப் பிரதிகளில், பின்தங்காமல் ஒத்திசைவில் உள்ளவை எல்லாம் செய்தியைப் பெற்றுக்கொண்ட பிறகே அது வெற்றிகரமாக எழுதப்பட்டதாக அறிவிக்கப்படுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒத்திசைவில் இருக்க வேண்டிய பிரதிகளின் குறைந்தபட்ச எண்ணிக்கை 1 என்றே விடப்பட்டிருப்பதால், மற்றவை பின்தங்கிய வேளையில் ஒரே ஒரு சர்வரின் ஒப்புதலும் போதுமானதாகிவிடுகிறது. மூன்று பிரதிகள், குறைந்தபட்சம் இரண்டு என்று மாற்றி அமைக்காமல் முக்கியமான தரவை இதில் வைக்கக் கூடாது.

நிர்வாகம் முன்பைவிட எளிதாகியிருக்கிறது. காஃப்கா சர்வர்களை ஒருங்கிணைக்க ஜூகீப்பர் என்ற தனி அமைப்பையும் கூடவே கட்டி மேய்க்க வேண்டியிருந்த நிலை, 2025-இல் வந்த 4.0 பதிப்போடு ஒழிந்தது. அந்த வேலையை இப்போது காஃப்காவே செய்துகொள்கிறது. வெகுகாலத்துக்கு முன்பே நடந்திருக்க வேண்டிய மாற்றம் இது.

ஒரே தரவு பல இடங்களுக்குத் தேவைப்படும், பழையதைத் திரும்பப் படிக்கவும் நேரும் என்ற சூழலில் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஒரு வேலையை யாரோ ஒருவர் எடுத்து முடித்தால் போதும் என்ற அளவுக்கு ராபிட்எம்க்யூ போன்ற வரிசை மென்பொருளே பொருத்தமானது. படங்களையும் காணொளிகளையும் இதன் வழியே அனுப்ப நினைப்பவர்கள், ஒரு செய்திக்கு இயல்புநிலையில் ஏறத்தாழ 1 எம்பி மட்டுமே வரம்பு என்பதை அறிந்து, கோப்பை வேறு சேமிப்பகத்தில் வைத்துவிட்டு அதன் முகவரியை மட்டும் அனுப்புவது நல்லது.