சூப்பர்சார்ஜர் போட்ட கார்புரேட்டர் இன்ஜின்: பெட்ரோல் பிரஷருக்கு எந்த ஏற்பாடு தாங்கும்?

சூப்பர்சார்ஜர் (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) போட்ட கார்புரேட்டர் வண்டி ஸ்லோவில் (ஐட்லிங்கில்) பிசிறில்லாமல் ஓடும். நிதானமாக ஓட்டினால் ஒரு குறையும் தெரியாது. ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்து பூஸ்ட் (சூப்பர்சார்ஜர் தரும் கூடுதல் காற்றழுத்தம்) ஏறியதும் இழுவை திடீரென்று செத்துப்போகும், கூடவே நாக்கிங் சத்தம். இதற்குப் பலரும் முதலில் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையான ஜெட்டைத்தான் பெரிதாக்குகிறார்கள். கார்புரேட்டரின் பெட்ரோல் கிண்ணமான ஃப்ளோட் பவுலுக்கே பெட்ரோல் வந்து சேராதபோது ஜெட் என்ன செய்யும்?

பம்ப் கடைக்குப் போகுமுன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: கார்புரேட்டர் சூப்பர்சார்ஜருக்கு முன்னால் இருக்கிறதா, பின்னாலா? ரூட்ஸ் வகை ப்ளோயரின் (இதுவும் ஒரு சூப்பர்சார்ஜர்தான்) தலையில் கார்புரேட்டர் உட்கார்ந்திருந்தால் பூஸ்ட் முழுக்க அதற்குக் கீழேதான். பவுலில் இருப்பது வெளிக்காற்றின் அழுத்தம் மட்டுமே. ஹோலி நிறுவன வகை கார்புரேட்டர் என்றால் 6, 7 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு அழுத்தம்) போதும். அங்கே சிக்கல் வந்தால் பெட்ரோலின் அளவில்தான் வரும், அழுத்தத்தில் அல்ல.

சென்ட்ரிஃப்யூகல் (விசிறி போல் சுழன்று ஊதும்) சூப்பர்சார்ஜர் காற்றைக் கார்புரேட்டருக்குள் ஊதும் அமைப்பில் கதையே வேறு. 8 பிஎஸ்ஐ பூஸ்ட் வந்தால் பவுலுக்குள்ளும் அதே 8. வெளியிலிருந்து 6-ல் தள்ளும் பெட்ரோல் உள்ளே நுழையவே முடியாது. லைனில் 14 இருக்க வேண்டும். பூஸ்ட் ஒன்று ஏறினால் பெட்ரோல் பிரஷரும் ஒன்று ஏற வேண்டும், இறங்கினால் உடனே இறங்க வேண்டும். இனி ஒப்பிடுவதெல்லாம் இந்த அமைப்பை வைத்துத்தான்.

பழைய வழி, இன்ஜினின் கேம் தண்டு தட்டி ஓட்டும் மெக்கானிக்கல் பம்ப். 1957-ல் வந்த 275 குதிரைத்திறன் ஸ்டூடிபேக்கர் கோல்டன் ஹாக் கார்புரேட்டருக்குள் ஊதுகிற வண்டிதான். அது மெக்கானிக்கல் பம்பில்தான் ஓடியது. பெட்ரோலைத் தள்ளும் சவ்வான டயாஃப்ரத்துக்குப் பின்னால் இருக்கும் ஸ்பிரிங்தான் இந்தப் பம்பின் பிரஷரைத் தீர்மானிக்கிறது. ஸ்பிரிங் பக்கத்துக் காற்றுத் துளையை அடைத்து அங்கே பூஸ்ட் டியூபைக் கொடுத்தால், ஸ்பிரிங்கோடு பூஸ்ட்டும் சேர்ந்து தள்ளும். வயர் கிடையாது, ரெகுலேட்டர் (பிரஷரைக் கட்டுப்படுத்தும் வால்வு) கிடையாது. குறைந்த பூஸ்ட், மிதமான சக்தி என்றால் இதை ஏளனம் செய்யத் தேவையில்லை. ஆனால் தண்டின் சீல் தேய்ந்தால் பூஸ்ட் நேராக இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸுக்குள் போகும். டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் பூஸ்ட் டியூபுக்குள் ஏறும். சக்தி கூடக் கூட அளவும் பற்றாது.

இரண்டாவது, எலக்ட்ரிக் பம்பும் ரிட்டர்ன் (மிச்சப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் வழி) இல்லாத ரெகுலேட்டரும். மலிவு, டேங்க் வரைக்கும் இன்னொரு பைப் இழுக்க வேண்டாம், அரை நாளில் வேலை முடியும். பூஸ்ட் டியூப் மாட்ட வசதியுள்ள ரெகுலேட்டர்களும் கிடைக்கின்றன. இதன் குணம், பெட்ரோலைத் தடுத்து நிறுத்துவது. ஸ்லோவில் கார்புரேட்டருக்குத் துளியளவுதான் தேவை. பம்போ முழு மூச்சாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். போக வழியில்லாத பெட்ரோல் பம்புக்குள்ளேயே சுற்றிச் சூடாகும். ரெகுலேட்டர் சீட்டில் ஒரு தூசி உட்கார்ந்தால் பிரஷர் மெல்ல மெல்ல மேலேறி, பவுலின் வாசலை அடைக்கும் ஊசியான நீடிலைத் தள்ளிவிடும், அப்புறம் ஓவர்ஃப்ளோதான். ப்ளோயர் மேல் கார்புரேட்டர் வைத்தவர்களுக்கு இது தாராளமாகப் போதும். ஊதுகிற அமைப்புக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது ரிட்டர்ன் ரெகுலேட்டர்: வேண்டியதை வைத்துக்கொண்டு மிச்சத்தை டேங்குக்குத் திருப்பி அனுப்பும். பெட்ரோல் ஓடிக்கொண்டே இருப்பதால் சூடாகாது, ஆவியாகி லைனை அடைக்காது. பூஸ்ட் ஏறி இறங்கும்போது பிரஷர் கூடவே ஓடுவதும் இதில்தான் ஒழுங்காக நடக்கிறது. என் ஓட்டு இதற்கே. ஆனால் பாதிப் பேர் இதை வாங்கி மாட்டிவிட்டு முன்பைவிட மோசமாகிவிட்டது என்கிறார்கள். காரணம் பெரும்பாலும் இரண்டுதான்.

ஒன்று, ரிட்டர்ன் லைன் ஒல்லியாக இருப்பது. ஸ்லோவில் பம்ப் தள்ளுவதில் ஏறக்குறைய எல்லாமே அந்த லைன் வழியாகத்தான் திரும்ப வேண்டும். ரெகுலேட்டர் திருகை முழுக்கத் தளர்த்திப் பாருங்கள். அப்போதும் கேஜ் 8 காட்டினால் ரெகுலேட்டரைத் திட்டிப் பயனில்லை, திரும்பும் வழி அடைபடுகிறது. ரிட்டர்ன் லைனும் வரும் லைன் அளவுக்குத் தடிமனாக இருப்பது நல்லது.

இரண்டாவது, பூஸ்ட் டியூபை எங்கே மாட்டுவது என்பது. மெனிஃபோல்டில் (கார்புரேட்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் குழாய்) ஒரு நிப்பிள் சும்மா இருக்கிறதே என்று அங்கே மாட்டிவிடுகிறார்கள். ஸ்லோவில், காற்றை அளந்து விடும் தட்டான த்ராட்டிலுக்குக் கீழே 20 அங்குலப் பாதரச வேக்குவம் இருக்கும், அதாவது சுமார் 10 பிஎஸ்ஐ கீழ்நோக்கிய இழுப்பு. 6-ல் வைத்த பிரஷர் அதில் படுத்துவிடும். வண்டி நிற்கிறதே என்று திருகை இறுக்கி ஸ்லோவில் 6-க்குக் கொண்டுவந்தால், உண்மையில் வைத்திருப்பது 16. பூஸ்ட் வந்ததும் அந்த 16-ம் நீடில் மேல் அப்படியே விழும். டியூப் இருக்க வேண்டிய இடம் கார்புரேட்டரின் மேல் மூடி. பவுல் எந்தக் காற்றைப் பார்க்கிறதோ அதே காற்றை ரெகுலேட்டரும் பார்க்க வேண்டும்.

சரி, பம்ப் அளவு. சூப்பர்சார்ஜர் இன்ஜின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 0.65 பவுண்டு பெட்ரோல் குடிக்கும் என்று வைத்தால், 500 குதிரைத்திறனுக்கு மணிக்கு 200 லிட்டர் வரும். பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு பெரும்பாலும் எதிரழுத்தம் இல்லாமல் அளந்தது. நமக்கு வேண்டியது 14 பிஎஸ்ஐ-யில் எவ்வளவு வரும் என்பது. ஹோலி சிவப்பு பம்ப் 7-லேயே நின்றுவிடும், நீலம் 14-ல். நிற்கும் இடம் என்றால் அங்கே ஓட்டமே இல்லை என்று பொருள். ஆக 8 பூஸ்ட் வண்டிக்கு நீலமும் உதவாது.

கேஜைப் பற்றியும் சொல்ல வேண்டும். திரவம் நிரப்பிய கேஜ் பானெட்டுக்குள் சூடேறினால் உள்ளே அடைபட்ட காற்று விரிந்து முள்ளைக் கீழே இழுத்துவிடும். குளிர்ந்திருந்தபோது 6 காட்டியது 3 காட்டும். மேலே உள்ள ரப்பர் அடைப்பானை ஒரு நொடி தூக்கினால் பழைய இடத்துக்குத் திரும்பும். பிரஷர் போய்விட்டதென்று நல்ல பம்பைக் கழற்றுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

மாட்டி முடித்ததும் இன்ஜினை நிறுத்தி, பம்பை மட்டும் ஓடவிட்டு, பூஸ்ட் டியூபைக் கழற்றி 6-ல் வையுங்கள். பிறகு கைப்பம்பால் அந்த நிப்பிளில் 5 பிஎஸ்ஐ காற்றுக் கொடுங்கள். கேஜ் 11-க்குப் போக வேண்டும். போகாவிட்டால் ரெகுலேட்டர் டயாஃப்ரம் கோளாறு, அல்லது பம்புக்கு அவ்வளவுதான் தெம்பு. இதில் தேறினாலும் அளவு போதும் என்று அர்த்தமில்லை. அதை ஓட்டத்தில்தான் பார்க்க முடியும். கண்ணுக்குத் தெரியும் இடத்தில் கேஜை வைத்து, பக்கத்தில் ஒருவரை அதைப் பார்க்கச் சொல்லி, பாதுகாப்பான இடத்தில் முழு பூஸ்ட்டில் ஓட்டுங்கள். முதலில் ஏறிய முள் உச்ச வேகத்தில் சரிந்தால் உடனே காலை எடுத்துவிடுங்கள். அடைத்த ஃபில்டருக்கு அடுத்தபடியாகச் சந்தேகப்பட வேண்டியது கரண்ட். வோல்ட் மீட்டரைப் பம்பின் முனையிலேயே வையுங்கள். பேட்டரியில் 13.5 இருந்து அங்கே 11.5 மட்டும் வந்தால் புதுப் பம்ப் வேண்டாம், தடித்த வயரும் ஒரு ரிலேயும் போடுங்கள்.