இன்ஜின் கட்டின அப்புறம் உதைச்ச புல்லட், திருச்சில சரி பண்ண அண்ணன்

அப்பாவோட பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் 350, பிளாட்டினம் பாயின்ட் (திறக்கும்போது ஸ்பார்க் வர வைக்கிற சின்ன ஸ்விட்ச்) வச்ச மாடல், வேற ஒரு இடத்துல ரீபோர் பண்ணி (சிலிண்டரைக் கடைஞ்சு) இன்ஜின் கட்டி வாங்கிட்டு வந்ததுல இருந்து ஒரே பிரச்சனை, கிக்கர் மிதிச்சா திருப்பி உதைக்குது, கார்புரேட்டர்ல தும்முது.

கட்டினவங்க கார்புரேட்டர்தான்னு சொல்லி ரெண்டு வாரம் அலைய விட்டாங்க.

இங்க திருச்சில மெக்கானிக் அண்ணன் கார்புரேட்டரைத் தொடவே இல்ல. மொதல்ல பாயின்ட் கேப் 0.38 மில்லிமீட்டர் வச்சாரு, கேப் மாறினா டைமிங்கும் (ஸ்பார்க் வர்ற நேரம்) மாறிடும், அதனால அதுதான் முதல் வேலையாம். அப்புறம் பிளக் ஓட்டைல கம்பி விட்டு, ரெண்டு வால்வும் மூடியிருக்கிற கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்ல பிஸ்டனை மேல கொண்டு வந்து, அங்கருந்து 0.8 மில்லி பின்னால இறக்கி, பாயின்ட் நடுவுல சிகரெட் பேப்பர் வச்சுப் பாத்தாரு. அந்த எடத்துலதான் பாயின்ட் திறந்து பேப்பர் லேசா உருவி வரணும், நம்ம வண்டில எப்பவோ வந்துருச்சு! அவ்ளோ முன்னாடி ஸ்பார்க். கேம் பல் ஏதும் மாறிருக்கான்னு டைமிங் கவரையும் கழட்டி புள்ளி மார்க் பாத்தாரு, அது சரியாத்தான் இருந்துச்சு.

ஸ்பார்க் டைமிங்கை மட்டும் சரியா வச்சுக் குடுத்தாரு, இப்ப ரெண்டாவது மிதிலயே ஸ்டார்ட், ஐடிலிங்ல அந்த பழைய தக் தக் சத்தம் கேட்டதும் அப்பா முகத்தைப் பாக்கணுமே. சனிக்கிழமை கூட்டம் ஜாஸ்தி, போன் பண்ணிட்டுப் போங்க.