இந்தியாவில் ஒன்பது, பத்து படித்த பிள்ளைக்கு அமெரிக்கக் கல்லூரி: இந்த வகை ஆலோசகரிடம் பணம் கட்டாதீர்கள்

ஒன்பது, பத்தாம் வகுப்புகளைச் சென்னையில் சிபிஎஸ்இ பாடத்திட்டத்தில் முடித்துவிட்டு, பதினொன்றில் நியூ ஜெர்சி அரசுப் பள்ளியில் சேர்ந்தவன் என் மகன். இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோரைத் தேடி வருகிற கல்லூரி ஆலோசகர்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். எங்களிடம் வந்தவர் கோயிலில் அறிமுகமான தமிழர். "இந்திய மார்க் இங்கே யாருக்கும் புரியாது அண்ணா, நான் மாற்றித் தருகிறேன். பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் நிச்சயம்" என்றார். பல ஆயிரம் டாலரை முன்பணமாக, வங்கிப் பரிமாற்றத்தில் மட்டுமே வாங்கிக்கொண்டார்.

அவர் மாற்றிய விதத்தைக் கேளுங்கள். 88 விழுக்காட்டை நான்கால் பெருக்கி, நூறால் வகுத்து, 3.52 என்று ஒரு ஜிபிஏவை (அமெரிக்கப் பள்ளிகள் பெரும்பாலும் நான்குக்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) உண்டாக்கி விண்ணப்பத்தில் எழுதிவிட்டார். எந்தப் பள்ளியும் தராத எண் அது. கலிபோர்னியா பல்கலைக்கழக விண்ணப்பம், வெளிநாட்டு மதிப்பெண்களைச் சான்றிதழில் உள்ளபடியே எழுதச் சொல்கிறது. மாற்றக் கூடாது என்கிறது. பல கல்லூரிகளுக்குப் பொதுவான இணைய விண்ணப்பமான காமன் ஆப்பிலும், பள்ளி ஜிபிஏ தராவிட்டால் இல்லை என்று குறித்துவிடலாம். விவரம் எல்லாம் உண்மை என்று கடைசியில் கையெழுத்துப் போடுவது ஆலோசகர் அல்ல, பிள்ளை. அவர் எழுதிய பொய்க்கு என் மகன் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். இதை நினைத்தால் இன்றும் கோபம் அடங்கவில்லை.

இந்திய மதிப்பெண்களை அமெரிக்க முறையில் மதிப்பிட்டுத் தரும் தனியார் நிறுவனம் ஒன்றில் மதிப்பீடு வாங்கவும் தனிக் கட்டணம் கறந்தார். மகன் விண்ணப்பித்த கல்லூரிகளில் ஒன்றுகூட அதைக் கேட்கவில்லை.

உண்மையில் தேவைப்பட்ட வேலையை மட்டும் அவர் செய்யவில்லை. அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி என்பது ஒன்பது முதல் பன்னிரண்டு வரை. நம் ஊரில் ஆண்டு முடிந்ததும் பரணில் போட்டுவிடும் ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் இங்கே முக்கியமான ஆவணம். புதிய பள்ளியின் சான்றில் அந்த இரண்டு ஆண்டுகளும் வெறும் மாற்றுக் கிரெடிட்டாக (வேறு பள்ளியில் முடித்த பாடம் என்ற குறிப்பாக) மட்டுமே இருந்தன, மதிப்பெண் இல்லை. ஆகவே பழைய பள்ளியின் பதிவுகளும் போய்ச் சேர வேண்டும். பத்தாம் வகுப்புக்கு வாரியச் சான்றிதழ் உண்டு. ஒன்பதாம் வகுப்புக்குப் பள்ளி முதல்வரின் கையெழுத்தும் முத்திரையும்தான் ஆதாரம்.

கல்லூரிகள் இதைக் கேட்டு எழுதிக்கொண்டேதான் இருந்தன. அந்தக் கடிதங்கள் எங்களுக்கு வரவில்லை. மகன் பெயரில் அவரே ஒரு மின்னஞ்சல் முகவரி தொடங்கி, கடவுச்சொல்லைத் தன்னிடம் வைத்திருந்தார். கேட்கும்போதெல்லாம் "எல்லாம் போய்விட்டது அண்ணா" என்பதே பதில். ஒரு கல்லூரி, ஆவணம் முழுமையாக இல்லை என்று விண்ணப்பத்தையே மூடிவிட்டது. மற்றவற்றைக் காப்பாற்றியது மகனின் பள்ளி ஆலோசகர். அவர் சென்னைப் பள்ளிக்கு எழுதி, பட்டியலை நேரடியாக வரவழைத்து அனுப்பினார். இதற்கு ஒரு காசு செலவில்லை. மாணவனைப் பற்றிப் பள்ளி கல்லூரிகளுக்குத் தரும் அறிக்கையை அனுப்பும் அதிகாரம் அவருக்குத்தான் உண்டு. "அவருக்கு நூற்றுக்கணக்கான பிள்ளைகள், தொந்தரவு செய்யாதீர்கள்" என்று எங்களை அவரிடம் நெருங்கவிடாமல் வைத்திருந்தவர் நாங்கள் பணம் கட்டிய அந்த மனிதர்தான்.

தனியார் ஆலோசகர் எல்லோரும் இப்படி என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஐஇசிஏ போன்ற ஆலோசகர் சங்கங்களே, இடம் நிச்சயம் என்று வாக்குக் கொடுப்பவரிடம் போகாதீர்கள் என்கின்றன. அந்த ஒரு வாக்கியம் காதில் விழுந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், விண்ணப்பக் கட்டுரை வேலை தொடங்கிய பின் பணம் திரும்பாது என்று எங்கள் ஆலோசகர் ஒப்பந்தத்தைக் காட்டுகிறார். நியூ ஜெர்சி நுகர்வோர் விவகாரப் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறேன். இப்போது இப்படி ஒருவரிடம் பணம் கட்டியிருப்பவர்கள், இன்று இரவே பிள்ளையை உட்காரவைத்து எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றுங்கள். பிறகு ஒவ்வொரு கல்லூரியின் விண்ணப்பதாரர் பக்கத்தையும் திறந்து, என்ன ஆவணம் வரவில்லை என்று நீங்களே பாருங்கள்.