மினி டிராக்டருக்கு கியர் ரிடக்‌ஷன் செல்ஃப்: வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

தோட்டத்துக்குள் ஓட்டும் 18, 22 எச்.பி. மினி டிராக்டர்களில் பழைய செல்ஃப் மோட்டார் படுத்துவிட்டால், உதிரிபாகக் கடையில் இப்போது முதலில் எடுத்து நீட்டுவது நிலைக்காந்தம் வைத்த கியர் ரிடக்‌ஷன் செல்ஃபைத்தான். பழையதைவிடச் சின்னது, எடை குறைவு. சாவியைத் திருப்பியதும் 'விர்ர்' என்று உயர்ந்த குரலில் சுற்றும். பொருள் நல்ல பொருள்தான். ஆனால் வாங்கிப்போகிற பலருக்கு அது தேவையே இருக்காது.

பழைய செல்ஃபில் காந்தப்புலம் ஃபீல்டு காயிலில், அதாவது உட்சுவரில் சுற்றிய கம்பிச் சுருளில் இருந்து வரும். நடுவில் சுற்றும் ஆர்மேச்சரே, ஃப்ளைவீலைக் கடிக்கும் பல்சக்கரம் உள்ள பெண்டிக்ஸை நேராகச் சுழற்றும். இதில் ஃபீல்டு காயில் கிடையாது. சின்ன ஆர்மேச்சர் அதிவேகமாகச் சுற்ற, முன்னால் உள்ள பிளானெட்டரி கியர் வேகத்தைக் குறைத்து டார்க்கை, அதாவது சுழற்றும் விசையைக் கூட்டுகிறது. அதே இன்ஜினைச் சுழற்றக் குறைந்த ஆம்பியர் போதும். மார்கழி அதிகாலையில், கொஞ்சம் தளர்ந்த பேட்டரியிலும் இன்ஜின் எடுப்பது இதனால்தான். இந்த ஒரு காரணத்துக்காகவே மாற்றலாம்.

ஆனால் 'டக்' என்ற சத்தத்தோடு நின்றுவிடும் டிராக்டருக்குக் கோளாறு பெரும்பாலும் செல்ஃபுக்கு வெளியே இருக்கும். ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும், கண்டுபிடித்துவிடலாம். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, இன்ஜின் பிடித்துவிடாமல் ஸ்டாப் நாபையும் இழுத்து வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்க ஓய்ந்திருந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும், 12.2 என்றால் பாதி சார்ஜ்தான். சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் முதலில் பேட்டரியைச் சார்ஜ் ஏற்றிப் பாருங்கள். ஏற்றிய பிறகும் இறங்கினால் பேட்டரி தேய்ந்திருக்கும், அல்லது செல்ஃபோ இன்ஜினோ இறுகியிருக்கும்.

அடுத்தது எர்த். மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் குமிழிலேயே வையுங்கள், கிளாம்பில் அல்ல. சிவப்பு முனை செல்ஃபின் உடம்பில். ஒருவர் சாவியைத் திருப்பும்போது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. சேற்றுழவுக்குப் போய்வந்த வண்டியில் சேசிஸில் எர்த் ஒயர் பிடிக்கும் போல்ட்டைக் கழற்றினால் அடியில் துருவும் பெயிண்டும்தான் இருக்கும். உப்புத்தாள் போட்டு வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து முடுக்கினாலே பல செல்ஃபுகள் உயிர்த்துவிடும். பாசிட்டிவ் பக்கம் பேட்டரிக் குமிழிலிருந்து சொலனாய்டின் (செல்ஃபின் மேல் உள்ள மின்காந்த சுவிட்ச்) தடித்த போல்ட் வரைக்கும் இதே சோதனை; அங்கே 0.5 வரை பொறுக்கலாம்.

இரண்டும் சரியாக இருந்தால் சொலனாய்டின் சின்ன முனையைப் பாருங்கள், 50 என்று பொறித்திருக்கும். சாவியில் கிளம்பி கிளட்ச் மிதியின் சேஃப்டி சுவிட்ச் வழியாக வரும் மின்சாரம் அங்கே ஏறத்தாழ பேட்டரி அளவுக்கே இருக்க வேண்டும். 9 வோல்ட்டுக்குக் கீழே வந்தால் சாவி சுவிட்சோ இடையில் உள்ள கனெக்டரோ கருகியிருக்கும். கனெக்டரைச் சரிசெய்த பிறகும் குறைந்தால், ஒரு 12 வோல்ட் ரிலேயைச் செல்ஃபுக்குப் பக்கத்தில் போட்டால் தீர்ந்தது. சேஃப்டி சுவிட்சை மட்டும் நேராக இணைத்துவிடாதீர்கள். ஸ்க்ரூடிரைவரால் சொலனாய்டின் இரண்டு போல்ட்டையும் தொட்டு ஸ்டார்ட் செய்யும் வேலை அதைவிட மோசம். வண்டி கியரில் இருந்தால் சக்கரத்துக்கு முன்னால் நிற்கிறவர் மேலேயே ஏறிவிடும்.

இத்தனையும் தேறிய பிறகும் சுற்றவில்லை என்றால்தான் செல்ஃபைக் கழற்ற வேண்டும். கார்பன் பிரஷ் பாதிக்கு மேல் தேய்ந்திருப்பது, தண்டைத் தாங்கும் புஷ் தளர்ந்து ஆர்மேச்சர் ஃபீல்டில் உரசிப் பளபளப்பாகக் கோடு விழுந்திருப்பது, சொலனாய்டுக்குள் செம்பு முனை குழிந்திருப்பது: இவையெல்லாம் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடையிலேயே முடிகிற வேலை. புதுப் புஷ்ஷை இன்ஜின் ஆயிலில் ஊறவைத்துத்தான் அடிக்கிறாரா என்று மட்டும் கவனியுங்கள். காய்ந்த புஷ் சீக்கிரம் தேயும். ஆர்மேச்சர் கருகிவிட்டாலோ ஃபீல்டு காயில் போய்விட்டாலோ ரீவைண்டிங்குக்குச் செலவழிப்பதைவிடப் புதிய கியர் ரிடக்‌ஷன் செல்ஃபே மேல்.

வாங்கும்போது மாடல் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். பழைய செல்ஃபைக் கையோடு எடுத்துப்போய் பினியனின் (முனையில் உள்ள சின்னப் பல்சக்கரம்) பல் எண்ணிக்கை, பல்லின் கனம், ஃபிளாஞ்சின் போல்ட் துளைகள், சுற்றும் திசை, லேபிளில் உள்ள கிலோவாட் ஆகியவற்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பல் ஒன்று கூடினாலும் ஃப்ளைவீலைச் சுற்றியுள்ள ரிங் கியரில் சரியாகக் கடிக்காது; நாளடைவில் ஃப்ளைவீல் பல்லைத் தின்றுவிடும். ரிங் கியர் மாற்ற வேண்டுமானால் டிராக்டரையே இரண்டாகப் பிரிக்க வேண்டியிருக்கும்.

இனி இதன் பலவீனங்கள். நின்றுபோன செல்ஃபைச் சுத்தியலால் தட்டி எழுப்பும் பழக்கம் நம்மிடம் உண்டு. பழைய மாடலில் அது சில சமயம் பலித்தது. இதில் தட்டினால் உள்ளே ஒட்டியிருக்கும் ஃபெரைட் காந்தம் விரிசல்விட்டு உடைந்துவிடும். அந்தத் துண்டு ஆர்மேச்சரில் சிக்கினால் மொத்தமும் போச்சு. கீழே போட்டாலும் இதே கதிதான். பேட்டரியின் பாசிட்டிவ், நெகட்டிவை மாற்றி இணைத்தால் பழைய செல்ஃப் அதே பக்கம்தான் சுற்றும். இது எதிர்ப்பக்கம் சுற்றும். மேசையில் வைத்துச் சோதிக்கும்போது இதை மறந்துவிட்டு, திசை தவறிய பொருள் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு.

பிளானெட்டரிக்குள் இருக்கும் வெளிவட்டப் பல்சக்கரம் பல மாடல்களில் நைலானாக இருக்கும். இன்ஜின் பிடிக்காமல் பின்னோக்கி ஆடி நிற்கும் அந்த நொடியில் மறுபடி சாவியைத் திருப்பினால் அது உடையும். பிறகு மோட்டார் மட்டும் இரையும், பினியன் அசையாது. ஒருமுறைக்கு 10 விநாடிக்கு மேல் திருப்பாதீர்கள். இன்ஜின் முழுதாக நின்றதும் அரை நிமிடம் விட்டுத் தொடருங்கள். எங்கே பிரித்தாலும் பினியன் பல்லில் கிரீஸ் அப்ப விடாதீர்கள், கிளட்ச் தூசி அதில் பிடித்து பெண்டிக்ஸ் ஒட்டிக்கொள்ளும். தண்டின் வரிப்பள்ளத்தில் மெல்லிய பூச்சு போதும். கழற்றிய இடத்தில் ஆயில் வழிந்திருந்தால் கிராங்க் பின்பக்க ஆயில் சீலைப் பாருங்கள். ஆயிலில் நனையும் கார்பன் புதுச் செல்ஃபிலும் நிற்காது.

வாரண்டி சீட்டில் தேதியும் சீரியல் எண்ணும் எழுதி வாங்குங்கள். பொருத்துவதற்கு முன் கடையிலேயே 12 வோல்ட் கொடுத்து, பினியன் வெளியே வந்து சுற்றி உள்ளே திரும்புவதைப் பார்த்துவிடுங்கள். ஒருதரம் வண்டியில் ஏற்றிய மின்பொருளைத் திரும்ப எடுக்கும் கடை அரிது.