இமேக்ஸா, விம்மா: ஐம்பது வருடச் சண்டையும் என் சுண்டுவிரலும்

விம் என்றால் எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்குகிற சோப்பு. இமேக்ஸ் என்றால் இருமல் மருந்து என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால் இரண்டும் புரோகிராமைத் தட்டித் திருத்துகிற மென்பொருள்கள், அதாவது எடிட்டர்கள். புரோகிராம் எழுதுகிறவர்கள் நாலு பேர் டீ குடிக்கிற இடத்தில் இந்த இரண்டு பெயரையும் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டால் போதும், டீ ஆறிப்போகும். நான் விம்மில் பத்து வருடம், இமேக்ஸில் ஆறு வருடம் இருந்தவன். பட்டிமன்ற நடுவர்போல கடைசியில் "இரண்டு அணியும் சிறப்பாகப் பேசினார்கள்" என்று எழுந்துபோவதாக இல்லை. எனக்கென்று ஒரு முடிவு இருக்கிறது, அது தமிழில் எழுத ஆரம்பித்த பிறகு வந்த முடிவு.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இது மென்பொருள் சண்டை என்று சொல்கிறோம், அடியில் கிடப்பது வன்பொருள்தான். இரண்டின் கதையும் 1976-இல் தொடங்குகிறது. பெர்க்லியில் பில் ஜாய், பின்னால் 'விஐ' ஆன, விம்முக்கு மூதாதையான எடிட்டரை எழுத ஆரம்பித்தார். அவர் கையில் இருந்தது ஏடிஎம்-3ஏ என்ற டெர்மினல், அதாவது தூரத்துக் கணினியோடு பேசும் திரையும் கீபோர்டும், அதுவும் 300 பாட் மோடத்தில். 300 பாட் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 30 எழுத்து. வரிக்கு 80 எழுத்து, 24 வரி உள்ள ஒரு திரையை முழுதாக வரைய ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். அப்படிப்பட்டவர் எப்படி எடிட்டர் எழுதுவார்? கமாண்ட் ஒவ்வொன்றும் ஒரே எழுத்து, அதைத் தட்டும்போது திரையில் எதையும் வீணாக வரையக் கூடாது. ஏடிஎம்-3ஏ கீபோர்டில் தனி அம்புக்குறி விசைகள் கிடையாது. ஹெச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புகளை அச்சிட்டிருந்தார்கள். விஐ-யில் எழுத ஒரு நிலை, கட்டளை தட்ட ஒரு நிலை; இவற்றைத்தான் மோட் என்பார்கள். எழுதும் மோடிலிருந்து கட்டளைக்குத் திரும்பத் தட்டும் எஸ்கேப் விசை, இன்று டேப் இருக்கிற இடத்தில், இடது கை எட்டும் தூரத்தில் இருந்தது.

அதே வருடம் எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மனும் கை ஸ்டீலும் டீகோ என்ற பழைய எடிட்டருக்கான மேக்ரோக்களை (சேர்த்து வைத்த கட்டளைகளை) தொகுத்து இமேக்ஸ் செய்தார்கள். அவர்களுக்கு மோடம் தொல்லை இல்லை. கணினி பக்கத்திலேயே இருந்தது, திரை உடனுக்குடன் மாறும். அங்கே பின்னால் வந்த 'ஸ்பேஸ் கேடட்' கீபோர்டில் ஸ்பேஸ்பாரை ஒட்டியே கன்ட்ரோல், அதற்கடுத்து மெட்டா, சூப்பர், ஹைப்பர் என்று வரிசையாக இருக்கும். கன்ட்ரோலைக் கட்டைவிரலாலேயே அழுத்தலாம். கட்டைவிரலால் அழுத்துகிறவனுக்கு ஃபைலைச் சேமிக்க இமேக்ஸ் கேட்கும் "கன்ட்ரோல்-எக்ஸ், கன்ட்ரோல்-எஸ்" ஒரு சுமையே இல்லை.

அப்புறம் ஐபிஎம் வந்தது. எண்பதுகளின் நடுவில் வந்த 101 விசை கீபோர்டு கன்ட்ரோலை இடது மூலைக்குத் தள்ளியது, ஏ-வுக்குப் பக்கத்தில் கேப்ஸ் லாக்கைக் கொண்டுவந்து வைத்தது. எஸ்கேப் மேல் மூலையில் தனியாக நின்றது. இரண்டு கட்சிக்கும் ஒரே அடி. விம்காரன் நாளெல்லாம் மூலைக்குக் கையை நீட்டுகிறான். இமேக்ஸ்காரனுக்குச் சுண்டுவிரல் வலிக்கிறது. இமேக்ஸுக்கு மாறிய முதல் வருடம் எனக்கும் இடது சுண்டுவிரல் வீங்கி, தைலம் தேய்த்துக்கொண்டு திரிந்தேன். தீர்வும் இருவருக்கும் ஒன்றுதான்: கேப்ஸ் லாக்கைப் பிடுங்கு. ஒருவன் அதை எஸ்கேப் ஆக்குகிறான், இன்னொருவன் கன்ட்ரோல் ஆக்குகிறான். தமிழில் எழுதுகிறவனுக்கு அந்த விசையை இழப்பதில் வருத்தமே இல்லை. நமக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று ஒன்று இருந்தால்தானே.

சரி, பயன்பாட்டுக்கு வருவோம். விம்மை முதலில் திறந்தவர்கள் எல்லோருக்கும் நடப்பது எனக்கும் நடந்தது. வெளியே வரத் தெரியாமல் டெர்மினலையே மூடினேன். இது தனி மனிதனின் அவமானம் இல்லை. விம்மை விட்டு எப்படி வெளியேறுவது என்று புரோகிராமர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டேக் ஓவர்ஃப்ளோவில் கேட்கப்பட்ட கேள்வியை 2017-க்குள்ளேயே பத்து லட்சம் தடவை பார்த்திருந்தார்கள். ஆனால் அந்த முதல் வாரத்தைத் தாண்டிவிட்டால் விம் ஒரு மொழி என்று புரியும். 'டி' என்றால் அழி, 'சி' என்றால் மாற்று, 'டபிள்யூ' என்றால் ஒரு வார்த்தை, 'ஐ' என்றால் உள்ளே. 'சி ஐ' தட்டி ஒரு மேற்கோள்குறி போட்டால், மேற்கோளுக்குள் இருப்பது அத்தனையும் போய், புதிதாக எழுதக் கர்சர் காத்திருக்கும். பத்து வினை, பத்துப் பெயர் தெரிந்தால் நூறு கட்டளை தெரிந்த மாதிரி. மனப்பாடம் வேண்டாம், கூட்டிச் சொல்லத் தெரிந்தால் போதும்.

ஒரு சின்ன உறுத்தல் மட்டும் உண்டு. வினை முன்னால் வருவது தமிழ்க் காதுக்கு இடறுகிறது. "அழி, இந்தச் சொல்லை" என்று யார் பேசுவார்கள்? ககூன், ஹீலிக்ஸ் என்று இரண்டு புது எடிட்டர்கள் இதைத் திருப்பிப் போட்டிருக்கின்றன. முதலில் எதை என்று தேர்ந்தெடு, பிறகு என்ன செய்ய என்று சொல். "இந்தச் சொல்லை அழி." அவற்றைச் செய்தவர்கள் தமிழ் படித்திருக்க வாய்ப்பில்லை, ஆனாலும் எனக்கு அது வீட்டுப் பேச்சு மாதிரி இருந்தது.

இமேக்ஸில் இப்படி மொழி எதுவும் இல்லை. அது ஒரு வீடு. சி மொழியில் எழுதிய சின்ன அஸ்திவாரம், மேலே எல்லாமே லிஸ்ப் என்ற மொழி. எந்த விசை என்ன செய்கிறது என்று தெரியவேண்டுமா? கன்ட்ரோல்-ஹெச், கே தட்டி அந்த விசையை அழுத்தினால், அது கூப்பிடும் ஃபங்ஷனின் பெயரையும் விளக்கத்தையும் காட்டும். அங்கே தெரியும் ஃபைல் பெயரைச் சொடுக்கினால் மூலக் கோடே திறக்கும். அதை அங்கேயே திருத்தி, அங்கேயே இயக்கலாம். எடிட்டரை மூடித் திறக்கவும் தேவையில்லை. குடியிருந்துகொண்டே சுவரை இடித்துக் கட்டுகிற வசதி இது. இதனால்தான் இமேக்ஸ்காரர்கள் மெயில் படிப்பதும், கணக்கு எழுதுவதும், டெட்ரிஸ் ஆடுவதும் உள்ளேயே நடக்கிறது. "நல்ல இயங்குதளம், ஒரு நல்ல எடிட்டர்தான் இல்லை" என்ற பழைய கிண்டல் சும்மா வரவில்லை. கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியலாளர் 2003-இல் தொடங்கிய, குறிப்பும் திட்டமும் எழுதிவைக்கும் ஆர்க் மோட், கோட் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியை மேய்க்கும் மேகிட் இரண்டுக்காக மட்டுமே இமேக்ஸுக்கு வந்தவர்கள் எனக்குத் தெரிந்தே பலர்.

நீட்டிக்கும் மொழியை, அதாவது எடிட்டருக்குப் புது வசதி எழுதிச் சேர்க்கும் மொழியை எடுத்துக்கொண்டால் இமேக்ஸுக்குப் போட்டியே இல்லை. பழைய விம்ஸ்கிரிப்ட் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத மொழி. 2022-இல் வந்த விம் 9 அதைக் கொஞ்சம் சீர்செய்தது. விம்மிலிருந்து 2014-இல் பிரிந்துபோன நியோவிம், லுவா என்ற மொழியைக் கொண்டுவந்து அந்த வலியைப் பெரும்பாலும் தீர்த்துவிட்டது. இன்று புதிதாக வருகிறவன் நியோவிம்மில் இறங்குவதே புத்திசாலித்தனம்.

வேகத்தில் விம் முன்னால். கண் சிமிட்டுவதற்குள் திறக்கும். இமேக்ஸை எல்லாச் சாமானும் ஏற்றிக்கொண்டு திறந்தால் சில நொடி காத்திருக்கத்தான் வேண்டும். பின்னணியில் ஓடவிட்டு கிளையன்ட் வழியாகத் திறக்கிற வித்தை இருக்கிறது, ஆனால் அது கேள்வியைத் தட்டிக்கழிப்பது. ஒரே வரியில் பல மெகாபைட் நீளும் ஜேசான் ஃபைலைத் திறந்துவிட்டு இமேக்ஸ் மூச்சுத் திணறியதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். 2023-இல் வந்த 29-ஆம் பதிப்பு அதைக் கணிசமாகக் குறைத்தது.

எங்கும் இருப்பதிலும் விம் கட்சிக்கே வெற்றி. யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான போசிக்ஸ் தரத்தில் விஐ இருக்கிறது, இமேக்ஸ் இல்லை. ஒருமுறை ஒரு வாடிக்கையாளரின் சர்வரில், ஞாயிறு ராத்திரி பதினொன்றரை மணிக்கு ஒரு கான்ஃபிக் ஃபைலில் ஒரே ஒரு அரைப்புள்ளியைச் சேர்க்கவேண்டி வந்தது. எதையும் நிறுவ அனுமதி இல்லை. நேனோ என்ற எளிய எடிட்டர்கூட இல்லை. விஐ இருந்தது. வேலை அரை நிமிடத்தில் முடிந்தது. இமேக்ஸில் டிராம்ப் என்று ஒன்று உண்டு, தூரத்து ஃபைலை உள்ளூர் ஃபைல் மாதிரியே திறந்து தரும். ஆனால் நடுவில் மூன்று வாசல் தாண்டி நுழையவேண்டிய அந்த இடத்தில் அதை நிதானமாக அமைக்க யாருக்குப் பொறுமை? கையோடு கூட வருவது விம், போய்க் குடியேற வேண்டியது இமேக்ஸ்.

இதில் வேடிக்கை, "நான் இமேக்ஸே தொடமாட்டேன்" என்கிறவனும் பாஷ் என்ற கட்டளைத் திரையில் வரி ஆரம்பத்துக்குப் போகக் கன்ட்ரோல்-ஏ, கடைசிக்குக் கன்ட்ரோல்-ஈ என்றுதான் தட்டுகிறான். அவை இமேக்ஸ் விசைகள். மேக் கணினியின் எழுத்துப் பெட்டிகளிலும் அவை வேலை செய்யும். மறுபக்கம், ஜிமெயிலில் அடுத்த மடலுக்குப் போக ஜே, முந்தையதற்குக் கே. அது பில் ஜாயின் டெர்மினல்.

மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டுடியோ கோட் என்ற எடிட்டர் வந்த பிறகு இந்தச் சண்டைக்கே வேலை இல்லை என்கிறார்கள். ஓரளவு உண்மை. ஆனால் அதற்காகச் செய்து 2016-இல் வெளியிட்ட, எழுதும்போதே கோட் பரிந்துரை தர உதவும் எல்எஸ்பி என்ற பொது நெறிமுறையைத்தான் இன்று நியோவிம்மும் இமேக்ஸும் உள்ளேயே வைத்திருக்கின்றன. அந்தப் பரிந்துரையில் மூன்று எடிட்டருக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரிவதில்லை.

இனி என் கதை. கோட் எழுதும்வரை நான் விம் கட்சி. தமிழில் நீளமாக எழுத ஆரம்பித்த அன்று அடி விழுந்தது. கணினியின் கீபோர்டு அமைப்பையே தமிழ்99-க்கு மாற்றிக்கொண்டு ஒரு பத்தி எழுதினேன். எஸ்கேப் தட்டிவிட்டு ஒரு வரி கீழே போக ஜே அழுத்தினேன். போகவில்லை. தமிழ்99-இல் ஹெச், ஜே, கே, எல் என்றால் க, ப, ம, த. 'ப' என்று ஒரு கட்டளை விம்முக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் தமிழை அணைத்து, நகர்ந்து, மறுபடி தமிழைப் போட்டு எழுத வேண்டும். மோட் மாறும்போதெல்லாம் மொழியும் மாறவேண்டும் என்றால் எழுத்து ஓடுமா?

விம்முக்குள்ளேயே இதற்கு வழி உண்டு. கீமேப் என்று ஒரு ஃபைல். அது எழுதும் மோடில் மட்டும் தமிழ் தரும், எஸ்கேப் தட்டினால் தானே ஆங்கிலத்துக்குத் திரும்பும். அருமையான யோசனை. ஆனால் நான் தேடியபோது விம்மோடு வந்த தமிழ்க் கீமேப் யூனிகோடு பரவுவதற்கு முந்தைய டிஸ்கி குறியாக்கத்துக்கானது. நானே உட்கார்ந்து தமிழ்99-க்கு ஒன்று எழுதினேன். 'கக' என்று தட்டினால் 'க்க' ஆகவேண்டும் என்ற தானியங்கிப் புள்ளிக்காக, முதல் 'க'வைத் தட்டியதும் அடுத்தது வருகிறதா என்று விம் ஒரு கணம் காத்து நிற்கும். அந்தத் தயக்கம் விரலுக்குத் தெரியும்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்கமுடியாதது திரை. டெர்மினல் என்பது கட்டம் போட்ட நோட்டு, கட்டத்துக்கு ஓர் எழுத்து. 'கொ' என்பதற்கு இடப்பக்கம் ஒரு கொம்பு, நடுவில் க, வலப்பக்கம் ஒரு கால். பல டெர்மினல்களில் இது சிதறும், அல்லது அடுத்த எழுத்தின் மேல் ஏறும். கர்சர் ஓரிடத்தில் நிற்கும், திருத்தம் வேறிடத்தில் விழும். இது விம்மின் தவறு என்று சொல்லமுடியாது, ஆனால் விம் வாழ்கிற வீடு அதுதான்.

இமேக்ஸ் தனக்கென ஜன்னல் வைத்திருக்கிறது. 2020-இல் வந்த 27-ஆம் பதிப்பிலிருந்து ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துரு இயந்திரத்தை நம்பி எழுத்தை வரைகிறது. கொ, கௌ, ஸ்ரீ எல்லாம் ஒழுங்காக நிற்கும். கீபோர்டு தொல்லை இங்கேயும் இல்லாமல் இல்லை. வெளியே தமிழ்99 போட்டுக்கொண்டு மெட்டா-எக்ஸ் (இன்றைய கீபோர்டில் ஆல்ட்-எக்ஸ்) அழுத்தினால் "மெட்டா-ஓ என்று எதுவும் இல்லை" என்று முறைக்கும். எக்ஸ் விசையில் இருப்பது ஓ. ஆனால் உள்ளேயே இருக்கிற உள்ளீட்டு முறையைக் கன்ட்ரோல்-பின்சாய்கோடு தட்டி எழுப்பினால், சும்மா தட்டுகிற எழுத்து மட்டும் தமிழாகும், கட்டளைகள் அப்படியே வேலை செய்யும். எழுத ஒரு மோட், கட்டளைக்கு ஒரு மோட் என்ற பேச்சே இல்லாததால் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம்.

அதற்காக இமேக்ஸை மன்னித்துவிட முடியாத ஒன்றும் உண்டு. வாக்கியத்தின் முடிவுக்குப் போகச் சொன்னால் அது பத்தியின் கடைசிக்குத் தாவியது. ஒரு வாரம் குழம்பினேன். முற்றுப்புள்ளிக்குப் பிறகு இரண்டு இடைவெளி இருந்தால்தான் வாக்கியம் முடிந்ததாக அது நம்புகிறது, அமெரிக்கத் தட்டச்சு வகுப்புகளில் பழக்கிய வழக்கம். எந்தத் தமிழன் இரண்டு இடைவெளி விடுகிறான்? ஒரே வரி அமைப்பில் சரியாகிவிடும், ஆனால் அந்த வரியை நாமாகத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். விம்முக்கு ஓர் இடைவெளியே போதும்.

ஆக, தமிழில் நீளமாக எழுதுகிறவனுக்கு இமேக்ஸ். சர்வர் சர்வராக அலைகிறவனுக்கு விம். இரண்டும் செய்கிற நான் இமேக்ஸுக்குள் ஈவில் மோடைப் போட்டு, கோடுக்கு விம் விசைகள், தமிழுக்கு அது அணைந்த நிலை என்று வைத்திருக்கிறேன். ஸ்டால்மன் மேடைகளில் புனிதர் வேடம் போட்டு, விஐ பயன்படுத்துவது பாவம் இல்லை, பிராயச்சித்தம் என்று கேலி செய்வார். அவர் கணக்கில் நான் கோவிலுக்குள்ளேயே பிராயச்சித்தம் செய்கிறவன்.

போன மாதம் அக்கா மகன் எதைக் கற்றுக்கொள்வது என்று கேட்டான். முதலாண்டு பொறியியல் மாணவன். விம்மோடு வரும் பயிற்சியான விம்டியூட்டரை அரை மணி நேரம் ஓட்டிப் பார், மற்றதெல்லாம் அப்புறம் என்றேன். முடித்துவிட்டு வந்து, "ஏன் மாமா ஹெச்-ல இருந்து ஆரம்பிக்குது? ஜே, கே, எல், அரைப்புள்ளின்னு வச்சிருந்தா விரல் அப்படியே உட்காருமே?" என்றான். ஏடிஎம்-3ஏ கீபோர்டின் படத்தைத் தேடிக் காட்டினேன். அம்புகளைப் பார்த்தான். பிறகு எஸ்கேப் எங்கே இருக்கிறது என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, தன் மடிக்கணினியைத் திருப்பி வைத்து, கேப்ஸ் லாக்கை எப்படி மாற்றுவது என்று கேட்டான்.